அந்தோனியாருக்கு வைத்திருந்த பூ

என் பெயர் அன்னமேரி. வண்டிப்பெரியார்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். மகனுக்கும் அங்கேயே வேலை என்பதால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு, வரிசையில் ஒன்று, இன்னும் கையில் இருக்கிறது. வாசலில் பாய் விரிக்கிற அளவு மண். அதில் லில்லி, ரோஜா, டேலியா, பந்து பந்தாகப் பூக்கும் நீலப்பூ எல்லாம் வைத்திருக்கிறேன். ஒரு பூவைக்கூட ஒருத்திக்கும் கொடுத்ததில்லை. கேட்டால் எல்லாம் அந்தோனியாருக்கு என்பேன். ஜூன் பதிமூன்றாம் தேதி அவர் திருநாளுக்குச் சப்பரம் முழுக்க என் பூதான். ஜனம் அவரைக் கும்பிடும். நான் மட்டும், ஜனம் பூவைப் பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் நர்ஸாக இருக்கிற மகள் ஜெஸ்னா போனில் ஒரு படம் அனுப்பினாள். எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று அதில் போட்டிருந்தது. லில்லி தூய மனசு, மஞ்சள் ரோஜா சிநேகம், டேலியா கண்ணியம். இவற்றைப் பார்த்து மனுஷர் அன்பு கற்க வேண்டுமாம். அடேயப்பா, அன்று முதல் நான் உபதேசியார் ஆகிவிட்டேன். குழாயடியில் குடத்தோடு நிற்கிறவளையெல்லாம் பிடித்து அர்த்தம் சொன்னேன். நீலப்பூவுக்கு மட்டும் பெருமை, கல்நெஞ்சு என்று போட்டிருந்தது. அந்த வரியை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. என் பாத்தியில் அதுதான் அதிகம்.

பக்கத்து வீட்டுக் கற்பகத்தோடு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அவள் சேவல் என் லில்லிக் கிழங்கைக் கிளறியது. நான் எறிந்த கல் அதன் காலில் பட்டது. அவள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. குழாயடியில் நான் சிநேகத்தைப் பற்றி ஆரம்பித்தால், பாதிக் குடத்தோடு கிளம்பிவிடுவாள்.

இந்த வருஷம் திருநாளுக்கு முந்தின நாள் அவள் மகள் மோனிஷாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பதினோரு மணிக்கு வருகிறார்கள். பூவும் மாலையும் மலைக்குக் கீழே கம்பத்திலிருந்து காலை பஸ்ஸில் வர வேண்டும். எட்டு மணிக்குக் கற்பகம் அழுவது கேட்டது. லயத்தில் சுவர் என்பது பேருக்குத்தான்.

"கம்பம் ரோட்டுல மண்ணு இடிஞ்சு கெடக்காம், பஸ்ஸு இல்ல. தலையில ஒரு பூகூட இல்லாம பிள்ளைய சபையில எப்படி நிறுத்துவேன்? தகப்பன் இல்லாத பிள்ளைன்னுதான பேசுவாங்க!"

'அந்தோனியாரே, காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் நீர். அவளுக்கும் நாலு முழம் பூவைக் கண்டுபிடித்துக் கொடும்' என்று ஜெபித்தேன். பூ என் ஜன்னலுக்கு எதிரே பூத்து நிற்கிறது, நான் அவரைத் தேடச் சொல்கிறேன். எனக்கே வெட்கமாகப் போயிற்று. கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதல் லில்லியை வெட்டுவதற்குள் கத்தரியை மூன்று தரம் வைத்து எடுத்தேன். ஜெஸ்னாவைக் கட்டிக்கொடுத்தபோதுகூட இப்படித் தயங்கவில்லை.

அடுத்த கூத்து, மாலை கட்ட உட்கார்ந்தது. இந்தக் கைக்குத் தெரிந்தது சப்பரமும் சவப்பெட்டியும்தான். அது பாட்டுக்கு மூங்கில் சிம்பை வளைத்தது, சுற்றிலும் பூவைச் செருகியது. முடித்துக்கொண்டு போய் நல்ல பெருமையோடு கற்பகத்திடம் நீட்டினேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"யக்கா, இது செத்தவங்களுக்கு வைக்கிற வளையம்லா!"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. குனிந்து பார்த்தேன். மாதாவே, கறுப்பு நாடா ஒன்றுதான் பாக்கி! முதலில் மோனிஷா சிரித்தாள், அப்புறம் கற்பகம், அப்புறம் வேறு வழியில்லாமல் நான். மூவருமாக வளையத்தைப் பிரித்தோம். கற்பகம் வாழைநாரைக் கிழித்துக் கட்டினாள், நான் பூ எடுத்துக் கொடுத்தேன்.

"ஏட்டி, அந்தச் சேவல் காலு..." என்று இழுத்தேன்.

"அதெல்லாம் நல்லாத்தான் நடக்கு. நீங்க ரோஜாவ எடுங்க."

மாலைக்கும் தலைக்கும் தட்டுக்குமாக லில்லி, ரோஜா, டேலியா எல்லாம் தீர்ந்தது. பதினோரு மணிக்கு மோனிஷா மாலையோடு சபையில் வந்து நின்றாள். தகப்பன் இல்லாத பிள்ளை என்று யாரும் பேசவில்லை.

மறுநாள் சப்பரத்துக்கு என்னிடம் மிஞ்சியது நீலப்பூ மட்டும். மொத்தத்தையும் வெட்டிக் கூடையில் அடுக்கினேன். கற்பகம் வந்து கூடைக்கு ஒரு கை கொடுத்தாள்.

"எல்லாத்துக்கும் அர்த்தம் சொன்னீங்க, இதுக்கு மட்டும் சொல்லவே இல்லையேக்கா?"

ஏதாவது புளுகலாமா என்று யோசித்தேன். திருநாளும் அதுவுமாக வேண்டாம் என்று விட்டேன்.

"பெருமை. கல்நெஞ்சு."

அவள் மொட்டையாக நின்ற செடிகளைப் பார்த்தாள்.

"அதான் ஒண்ணு விடாம வெட்டிட்டீங்களேக்கா."

அந்த நேரம் பார்த்தா அவள் சேவல் நொண்டிக்கொண்டே பாத்திக்குள் இறங்க வேண்டும்? பழக்கதோஷம், குனிந்து கல்லை எடுத்துவிட்டேன். கற்பகம் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

"வழியில கெடந்துச்சு" என்று மடியில் முடிந்துகொண்டு கூடையைத் தூக்கினேன். கோயில் வரைக்கும் அந்தக் கல் மடியிலேயே கிடந்தது.