கடைசி வரிசை வீடுகள்

ஜீப்பின் தார்ப்பாய் மீது மழை அறைந்துகொண்டிருந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஓவர்சியரின் மடியில் ஒரு பெரிய சாவிக்கொத்து. புது வீடுகளின் சாவிகளையெல்லாம் கட்டுக்கம்பியில் கோத்து வளையமாக முறுக்கியிருந்தார். ஜீப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அது கலகலக்கும்; உடனே இரண்டு கைகளாலும் பொத்திக்கொள்வார். பின்னால் இருந்தது நான் ஒருத்திதான். பாப்பாரப்பட்டியைத் தாண்டி மண்சாலையில் திரும்பியதிலிருந்து அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சாதாரணமாக அவர் அப்படி இருக்கிறவர் அல்ல.

எண்பதுகளில் தர்மபுரி மாவட்டத்து ஊராட்சி ஒன்றியம் ஒன்றில் நான் கிராம சேவிகாவாக வேலை பார்த்தேன். சேலத்திலிருந்து வந்து சேர்ந்த முதல் வேலை. ஊர் ஊராகப் போய் மாதர் சங்கம் அமைப்பது, பால்வாடியைப் பார்த்துக்கொள்வது, அரசாங்கத் திட்டம் எது வந்தாலும் பெண்களைக் கூட்டி அதை விளக்குவது என் பொறுப்பு. ஒன்றியத்தின் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவர் இந்த ஓவர்சியர். தர்மபுரி டவுனில் தையற்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. ஆபீசிலும் ஊர்களிலும் எல்லோருக்கும் ‘ஓவர்சியர் பாய்’. வேலை நடக்கும் இடத்தில் காண்ட்ராக்டர் வாங்கித் தரும் டீயைக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவருவார். அதில் எனக்கும் ஒரு வாய் ஊற்றித் தருவார். நல்ல மனிதர் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். நல்ல மனிதர் என்பது எவ்வளவு தூரம் தாங்கும் சொல் என்று யோசிக்கிற வயது எனக்கு அப்போது இல்லை.

ஏரிக்கரைக்குக் கீழே ஓடையை ஒட்டிக் குடிசை போட்டிருந்த காலனி மக்களுக்காக, கரட்டுச் சரிவில் புறம்போக்கு நிலத்தை ஒதுக்கித் தொகுப்பு வீடுகள் கட்டியிருந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, மேலே கான்கிரீட் தளம். மூன்று வரிசை. வேலை முடிந்து, சுண்ணாம்பு அடித்து, கதவுகளுக்குப் பச்சை வர்ணமும் பூசியாயிற்று. ஆனால் எல்லா வீடும் பூட்டியே கிடந்தது. மந்திரி வந்து தன் கையால் சாவி கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவர் வருகிற தேதி தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கட்டும்போது சித்தாள் வேலை பார்த்த பெண்கள் அன்றாடம் அந்த வீடுகளைத் தாண்டித்தான் கல் குவாரிக்குப் போனார்கள். தாங்கள் மண் சுமந்து கட்டிய சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

சில வருஷங்களாகவே வானம் ஏமாற்றியிருந்தது. ஏரிக்குள் பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடினார்கள். கரையில் பெருச்சாளி பறித்த வளைகளை யாரும் கவனிக்கவில்லை. அந்த ஐப்பசியில் பிடித்த மழை விடவேயில்லை. ஏரி நிரம்பியது, கரையின் அடிவாரத்தில் நீர் கசிய ஆரம்பித்தது. செய்தி ஆபீசுக்கு வந்தபோது எங்கள் ஆணையர், விழா ஏற்பாட்டுக் கூட்டத்துக்காகத் தர்மபுரி கிளம்பிக்கொண்டிருந்தார். “பள்ளிக்கூடத்துல தங்கச் சொல்லுங்க. வீட்டுப் பூட்டை மட்டும் ஒருத்தரும் தொடக் கூடாது. திறந்த வீட்டை மந்திரி என்னய்யா திறப்பாரு?” என்று எங்கள் இருவரையும் அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடம் ஓடைக்கு அக்கரையில் இருக்கிறது என்பதை நான் சொன்னேன். அதற்குள் அவருடைய கார் கிளம்பிவிட்டது.

ஜீப் கரட்டு அடிவாரத்தில் சேற்றில் சிக்கி நின்றது. இறங்கி நடந்தோம். மேலே ஏறியபோது காலனி முழுவதும் அங்கேதான் நின்றிருந்தது. தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்ட பெண்கள், இடுப்பில் குழந்தைகள், நனைந்த ஆடுகள், பானைகள், சுருட்டிய பாய்கள். எல்லாம் பூட்டிய கதவுகளுக்கு முன்னால். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. முன்னால் நின்றவள் எங்கள் மாதர் சங்கத்தின் கன்வீனர். குவாரியில் கல் உடைப்பவள், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள்; நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் பக்கத்தில் அவளுடைய கொழுந்தன், கையில் கடப்பாரையோடு.

“ஏங்க சேவிகாம்மா, சாவி கொண்டாந்தீங்களா?” என்றாள்.

நான் ஓவர்சியரைப் பார்த்தேன். அவர் சாவிக்கொத்தைச் சட்டைக்குள் செருகியிருந்தார். ஈரச் சட்டை வழியாக அதன் வடிவம் அப்படியே தெரிந்தது.

“மந்திரி வர்றதுக்கு இன்னும் கொஞ்ச நாளுதாங்க இருக்குது,” என்று தொடங்கினார். அவர் குரல் எடுபடவில்லை.

“மந்திரி வர்றப்ப நாங்க இருக்கணுமில்லீங்க,” என்றாள் அக்கா. “கரை கசியறத வந்து பாத்தீங்களா? கீழ எங்க வூட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்குது. ஓடையத் தாண்ட முடியல. எங்க போகச் சொல்றீங்க, சொல்லுங்க.”

கொழுந்தன் அதற்குமேல் பொறுக்கவில்லை. “இவங்ககிட்ட என்ன பேச்சு?” என்று கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்து நடந்தான். பத்துப் பதினைந்து பேர் அவன் பின்னால் திரும்பினார்கள். அப்போதுதான் ஓவர்சியர் ஓடினார். அந்த மனிதர் ஓடி அன்றுதான் பார்த்தேன். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினார். கதவுக்கும் கடப்பாரைக்கும் நடுவில் போய்க் கைகளை விரித்து நின்றார்.

“இது வேணாம்பா. முன்னால ரெண்டு வரிசையும் திறந்து விடறேன், இப்பவே திறந்து விடறேன். இந்த வரிசை வேணாம்.”

“ஏன், இது யாருக்கு? உங்க காண்ட்ராக்டரு மச்சானுக்கா?”

ஓவர்சியர் அவனை நெருங்கினார். அவன் கையிலிருந்த கடப்பாரையைக் கேட்டு வாங்கினார். அவனும் என்ன நினைத்தானோ, கொடுத்துவிட்டான். ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேடின் ஓரத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பெரிய பலம் உள்ள குத்து அல்ல. ஒரு கை அகலத்துக்குக் கான்கிரீட் பொலபொலவென்று உதிர்ந்து அவர் காலடியில் விழுந்தது. உள்ளே இருந்த கம்பி தெரிந்தது. விழுந்ததை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் விரல்களால் நெரித்தான். மணலாகப் போயிற்று.

“மேல தளமும் இதே கலவைதான்,” என்றார் ஓவர்சியர். “இந்த வரிசைக்கு மட்டும் கட்டி தட்டுன சிமெண்ட்ட உடைச்சுப் போட்டுக் கலந்தாங்க. மொதல்ல குறிச்ச விழாத் தேதி கிட்ட வந்துடுச்சுன்னு, தளத்தைத் தாங்கற சென்டரிங் பலகையையும் நாள் ஆகறதுக்குள்ள பிரிச்சுட்டாங்க. இதுக்குக் கீழ யாரும் படுக்கக் கூடாது.”

 கூட்டம் கதவுகளை மறந்துவிட்டது. எல்லோருடைய கண்ணும் அவர் மேல். அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.  ஆனாலும் அங்கிருந்து நகரத் தோன்றவில்லை. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“சரியாக் கட்டியிருக்குதுன்னு எழுதிக் குடுத்தது யாரு?”

“நான்தான். ஆபீசுல சொன்னேன். விழா முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்.”

 அவள் மிகவும் மெதுவாகக் கேட்டாள்: “மழையே வரலீன்னு வெச்சுக்கங்க. மந்திரி வந்து இந்தச் சாவிய எங்கையில குடுத்திருப்பாரு. நான் எம்புள்ளைங்கள இதுக்குள்ள படுக்க வெச்சிருப்பேன். அப்ப நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?”

அவர் எத்தனையோ சொல்லியிருக்கலாம். தடுத்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். கலெக்டருக்கு எழுதியிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் அதைப் பொய்யென்று நிரூபித்திருக்க முடியாது. ஓவர்சியர் தலையைக் குனிந்துகொண்டார்.

“கை தட்டியிருப்பேம்மா,” என்றார். “எல்லாரோடயும் சேந்து கை தட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.”

எத்தனையோ அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். தன்னைப் பற்றி இப்படி ஒரு வாக்கியத்தை, தன்னை அடிக்கத் தயாராக நின்ற கூட்டத்துக்கு நடுவில், வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த வாக்கியம் அவரைக் காப்பாற்றியதா, கூட்டத்தைக் களைப்படையச் செய்ததா, தெரியாது. ஓங்கியிருந்த கைகள் இறங்கின. அக்கா சொன்னாள்: “சரி. மொதல்ல கதவத் தொறங்க. மத்தத அப்பறம் பேசிக்கலாம்.”

அவர் ஒவ்வொரு பூட்டாகத் திறந்துகொண்டே போனார். ஈரத்தில் சாவி வழுக்கியது. முதல் இரண்டு வரிசைகளில் ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு குடும்பங்கள் என்று நெருக்கியடித்து ஏறினார்கள். யாரோ ஒரு பெரியவர் தன் ஆடுகளையாவது கடைசி வரிசையில் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டார். “ஆட்டையும் கட்டாதீங்க,” என்று ஓவர்சியர் கத்தினார். அன்று அவர் கத்தியது அது ஒன்றுதான். பொழுது சாயும் முன்பே தெற்குப் பக்கம் கரை உடைந்தது. மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். செம்மண் தண்ணீர் குடிசைகளைத் தூக்கியது. கூரைகள் கொஞ்ச தூரம் மிதந்து போய்ப் பிறகு கலைந்தன. பெண்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணிப் பார்த்தார்கள். ஒருவரும் குறையவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதார்கள்.

கடைசி வரிசை அன்று இடிந்து விழவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த நாளும் விழவில்லை. விழுந்திருந்தால் ஓவர்சியர் தெய்வமாகியிருப்பார். அது நின்றுகொண்டிருந்ததால், நன்றாக இருக்கிற கட்டடத்தைக் கடப்பாரையால் உடைத்தார், உத்தரவை மீறிக் கதவைத் திறந்தார், மக்களைத் தூண்டிவிட்டார் என்று அவர்மேல் புகார் எழுதினார்கள். மந்திரியின் விழா ரத்தாயிற்று. ஓவர்சியரைத் தற்காலிக வேலை நீக்கம் செய்தார்கள். ஆபீசில் அவர் மேஜையைக் கடந்து போகிறவர்கள்கூட வேகமாகக் கடந்து போனார்கள். என்னை ஆணையர் கூப்பிட்டு, “நீ சின்னப் பொண்ணு, பாத்துப் பேசு,” என்றார். பார்த்ததை மட்டும் பேசுவேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். காலனிக்காரர்கள் முந்தின நாளே பேசி வைத்திருந்தார்கள். கொழுந்தன் முதலில் போய், “பூட்ட நாங்கதாங்க ஒடச்சோம். அவரு வேணாம்னுதான் சொன்னாரு,” என்றான். அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஓரமாக நின்றிருந்த ஓவர்சியர், “இல்லீங்க சார், நான்தான் திறந்தேன்,” என்றார். அதிகாரிக்கு எரிச்சல் வந்துவிட்டது. யார் சொல்வதை எழுதுவது என்று பேனாவை மேஜையில் போட்டார்.

அப்போது அக்கா எழுந்தாள். அவளும் அவரைக் காப்பாற்றத்தான் போகிறாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

“கதவத் தொறந்துவுட்டு எங்க உசுரக் காப்பாத்துனது இவருதானுங்க. கெட்டுப்போன கூரைய நல்ல கூரைன்னு கையெழுத்துப் போட்டதும் இவருதானுங்க. ரெண்டையும் எழுதிக்கங்க. ஒண்ண மட்டும் எழுதாதீங்க. இவரு ஒருத்தரு கையெழுத்துல அந்த வூடு நிக்கல. சிமெண்ட்டு போட்டது யாரு, பலகையப் பிரிக்கச் சொன்னது யாரு, அதையும் கேட்டு எழுதுங்க.”

அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். மறுவாரம் பொறியாளர்கள் வந்து கடைசி வரிசைத் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். தட்டிய இடமெல்லாம் உதிர்ந்தது. ஆணையருக்கு இடமாற்றம். காண்ட்ராக்டர் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்துவிட்டு வேறெங்கோ வேலை எடுத்தார். ஓவர்சியர் நெடுநாள் அரைச் சம்பளத்தில் இருந்து, சம்பள உயர்வுகளை இழந்து, மாரண்டஹள்ளிப் பக்கம் வேலைக்குத் திரும்பினார். போகும்முன் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அக்கா மேல் வருத்தமா என்று கேட்டேன். “என் சர்வீஸ்ல எனக்குக் கிடைச்ச ஒரே நேரான சர்ட்டிபிகேட் அதுதாம்மா,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண் சிரிக்கவில்லை. ஓய்வு பெற்ற சில வருஷங்களில் இறந்துபோனார்.

கடைசி வரிசையைத் தரைமட்டமாக்கி மறுபடியும் கட்டினார்கள். இந்த முறை யாரைப் பார்த்தாலும் முகத்தில் ஒரு கலவரம். புது ஓவர்சியர் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் ஆள் கூப்பிட்டுக் காட்டினார். தளம் போட்ட பிறகு அது இறுகத் தண்ணீர் கட்டிப் பல நாள் காத்திருந்தார்கள். மேலதிகாரிகள் மாறி மாறி வந்து தட்டிப் பார்த்தார்கள். வீடு ஒதுக்கும் நாள் வந்தது. அந்த வரிசையில் வீடு எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. ராசியில்லாத இடம் என்றார்கள். நெரிசலானாலும் பரவாயில்லை, முன்வரிசையே போதும் என்றார்கள். அக்கா மட்டும் கையைத் தூக்கினாள். கடைசி வரிசை, கடைசி வீடு.

“உனக்குப் பயமில்லியாக்கா?” என்று நான் கேட்டேன்.

“எனக்கு எதுக்குப் பயம்?” என்றாள். “இது கட்டுனவங்க பயந்து பயந்து கட்டுன வூடு. கெட்டியா நிக்கும்.”

போன வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன். முன் இரண்டு வரிசைகளிலும் தளம் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தொங்குகிறது. பாதிப் பேர் மேலே தகரம் போட்டிருக்கிறார்கள். அக்காவின் வீட்டில் மழைக்கு ஒரு சொட்டு இறங்குவதில்லை என்று அவள் மருமகள் சொன்னாள்.