படத்தில் நாலாவது ஆள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உறவினர்கள் பலர் கேட்கப்போகும் கேள்வி தங்கையாகிய எனக்குத் தெரியும். அட்டையில் அம்மா, அக்கா, நான். பக்கத்தில் நீலச் சீருடையில் நிற்பது யார்? அக்கா ஏன் வாயைத் திறந்துகொண்டிருக்கிறார்? வேறு நல்ல படமே கிடைக்கவில்லையா? கிடைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அக்கா பிறந்தது மயிலாப்பூரில். படித்ததும் அங்கேதான். கல்லூரியில் இருந்தபோது அப்பா தவறிவிட, தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குப் போனார். ஓர் ஆயுத பூஜையன்று கடையில் படமெடுக்க வரவேண்டியவர் வரவில்லை. முதலாளியின் மகன் தன் கேமராவை அக்கா கையில் கொடுத்தார். அன்று ஆரம்பித்ததுதான். பிறகு அலுவலகங்களில் பொங்கல் விழா, ஓணம், கிறிஸ்துமஸ், பணி ஓய்வு, வளைகாப்பு என்று அக்காவைக் கூப்பிடாத மாதமில்லை.

கூப்பிட்டார்களே தவிர, அக்கா ஒரு நாளும் நிம்மதியாகப் போனதில்லை. நம் குடும்பத்தில் அவரைப் போல் பயந்தவர் கிடையாது. பேட்டரி சார்ஜ் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு திரும்பி வந்து மறுபடி பார்ப்பார். ஆட்டோவிலிருந்து போன் வரும். "ஏய், மெமரி கார்டு மேஜை மேல இருக்கா பாரு." இருக்காது, அவர் பையில்தான் இருக்கும். "விளக்கேத்தும்போது ஃப்ளாஷ் அடிக்கலேன்னா என்னடி பண்றது? இன்னொரு வாட்டி ஏத்துங்கன்னு சொல்ல முடியுமா?" என்பார். அந்தக் கவலையால்தானோ என்னவோ, ஒரு விளக்கையும் அவர் தவறவிட்டதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், மூன்று பேர் நிற்கும் படம். மூன்று பேராக நின்று படமெடுத்தால் ஆகாது என்று நம் வீடுகளில் சொல்வதை அக்கா அப்படியே நம்பினார். மேனேஜர், ஓய்வு பெறுபவர், அவர் மனைவி என்று மூவர் நின்றால் போதும், கேமராவை இறக்கிவிடுவார். "ஒரு நிமிஷம் சார்" என்று சுற்றுமுற்றும் பார்த்து யாரையாவது நாலாவதாக நிறுத்துவார். ஆழ்வார்பேட்டை அலுவலகம் ஒன்றில் அப்படி அடிக்கடி மாட்டியவர், அங்கே நீலச் சீருடையில் துப்புரவு வேலை பார்க்கும் செல்வி. அந்த அலுவலகத்தின் பெரிய அதிகாரிகள் பலர் வீட்டு ஆல்பத்தில் செல்வி சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டது எங்கள் வீடுதான். அப்பாவுக்குப் பிறகு நாங்கள் மூன்றே பேர். ஊருக்கெல்லாம் படமெடுத்த அக்கா எங்களைச் சேர்த்து ஒரு படம்கூட எடுக்கவில்லை. நாலாவதாக யாரையாவது கூப்பிடலாமே என்றால், "நம்ம வீட்டுக்குன்னா கேக்கக் கூச்சமா இருக்குடி" என்பார்.

சென்ற ஆண்டு தை பிறக்கும் சமயம், அக்காவுக்கு இதய வால்வில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் அந்த ஆழ்வார்பேட்டை அலுவலகத்தில் பொங்கல் விழா. போகவேண்டாம் என்றோம், கேட்கவில்லை. பை தூக்க நானும், பக்கத்தில் இருக்க அம்மாவும் கூடப் போனோம். மாடிப்படியில் அக்கா நின்று நின்றுதான் ஏறினார். பானை பொங்கி எல்லோரும் கூவியபோதும் நான் அக்காவின் மூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழா முடிந்ததும் அம்மா மெதுவாகக் கேட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி மூணு பேரும் ஒரு படம் எடுத்துக்கலாம்டி."

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "மூணு பேரா? இப்பவா? வேணாம்மா. உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆச்சுன்னா?"

அறுவை சிகிச்சை அவருக்கு, பயந்தது எங்களுக்காக.

பானை கழுவிக்கொண்டிருந்த செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னாக்கா, யார் யாருக்கோ என்னை இஸ்துகினு போயி நிக்க வச்சே. உனக்குன்னா நா நிக்க மாட்டனா?"

காவலாளியிடம் கேமராவைக் கொடுத்தோம். "ஆடாம புடிங்க, வெளிச்சம் பின்னாடி வருது பாருங்க, இன்னும் கொஞ்சம் தள்ளி..." என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் அழுத்திவிட்டார். அதுதான் அட்டைப்படம். இன்னொன்று எடுக்கலாம் என்றேன். "ஒண்ணு போதும், கண்ணு பட்டுடும்" என்றார் அக்கா.

அறுவை சிகிச்சைக்குப் போன அக்கா வீடு திரும்பவில்லை. நாலு பேராக நின்றும் இப்படி ஆகிவிட்டதே என்று அந்தப் படத்தின் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. அதுவும் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அக்காவைக் கண்போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், ரத்தம் கொடுக்க ஓடிவந்த அலுவலக நண்பர்கள், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய தெருக்காரர்கள், ஞாயிறு தவறாமல் வந்து அம்மாவோடு உட்கார்ந்திருக்கும் செல்வி, எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

மலரின் கடைசிப் பக்கத்துக்கு எங்களின் இப்போதைய படம் ஒன்று வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, செல்வியும் வந்திருந்தார். "நீயும் வந்து நில்லும்மா" என்று அம்மா அவரைக் கூப்பிட்டார். எதிர்வீட்டுக்காரர் படமெடுக்கப் போனைத் தூக்கினார். அம்மா என்னையும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார். உள்ளே போய், சுவரில் இருந்த அக்காவின் படத்தை மாலையோடு எடுத்துவந்து, மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் நடுவில் நின்றார்.

"இப்ப எடுங்க."