பையை விட்டுவிட்டுச் சொல்ல என்னால் முடியாது

என் கணவரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதென்று ஒரு திங்கட்கிழமை முடிவானது. ஆஸ்பத்திரி வார்டில் வைத்து, அவர் காதுபடவே சொன்னார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டில்காரர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் ஒன்றுமே நடக்காதது போலத்தான் எல்லாம் இருந்தது.

கர்த்தருக்குள் அன்பானவர்களே, அந்தப் புண் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது.

சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த வருடம் அது. ஆகஸ்ட் மாதம். தலைநகரில், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து ஆண்களை எல்லாம் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். இவர் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை செய்கிற மனிதர். அடையாள அட்டையைக் காட்டினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் இருந்தது, அவ்வளவுதான் குற்றம். செருப்பைக் கழற்ற வைத்து, மத்தியான வெயிலில் சீமெந்து முற்றத்தில் நிறுத்தி வைத்தார்கள். சீனி வருத்தம் உள்ளவருக்குக் காலில் சூடு தெரியாது. பின்னேரம் விட்டார்கள். ஒரு மன்னிப்பு வார்த்தைகூட இல்லை. வீட்டில் கால் கழுவும்போதுதான் குதிக்கால் முழுக்கக் கொப்பளித்திருந்ததைக் கண்டேன்.

கொப்பளம் புண்ணானது. புண் உள்ளே இறங்கியது. இன்சுலின் போட்டோம், மருந்து கட்டினோம். ஆறுவதாக இல்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் சபையிலிருந்து வியாழக்கிழமைகளில் ஜெபக்குழு வரும். பஸ் ஏறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, அவ்வளவு தூரம் வருவார்கள். அந்த அன்பை நான் மறக்கவில்லை. ஆனால் குழுவை நடத்திய சகோதரர் எட்வின், ஜெபித்த எண்ணெயை விரலில் தொட்டு நேரே புண்ணிலேயே பூசுவார். கட்டை அவிழ்த்துத்தான் பூசுவார். கிளினிக்கில் தாதிமார் என்னைப் பிடித்து ஏசுவார்கள். நான் எட்வினிடம் சொல்லிப் பார்த்தேன். விசுவாசம் குறைந்த இடத்தில்தான் புண் ஆறாது என்று பதில் வந்தது. வெயிலில் நிறுத்தியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நின்ற மனிதருக்குத்தான் விசுவாசம் காணாதாம். அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை, வார்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாயடியில் நின்று ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. சண்டை பிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். "ஆண்டவரே, அவரை வெயிலில் நிற்பாட்டினபோது பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்? இந்தக் காலையாவது விட்டுத் தாரும்" என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை கனடாவிலிருந்து என் மச்சாள் புஷ்பா வந்து இறங்கினாள். இவருடைய தங்கை. அங்கே முதியோர் இல்லமொன்றில் தாதி. ஒரு கலியாணத்துக்கு வந்தவள். அண்ணருக்குக் காலில் புண் என்று போனில் கேட்டிருந்தாள், வெட்டப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சேலைகளுக்கும் சொக்கலேட்டுக்கும் நடுவிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். உள்ளே மடித்து மடித்துப் பிளாஸ்டிக் பைகள். நான் குழாயடியில் சண்டை பிடித்தது திங்கள். அவள் சூட்கேஸ் கட்டியது அதற்கும் முதல். இதை நான் எப்படி மறைப்பேன்?

பை என்றால் பைதான், பெரிய விஷயம் ஒன்றுமில்லை. காலை உள்ளே விட்டு, வாயில் இருக்கிற பட்டியைக் கெண்டைக்காலைச் சுற்றி ஒட்ட வேண்டும். அதில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதை ஒட்சிசன், அதாவது பிராணவாயுச் சிலிண்டரோடு பொருத்தினால் பை மெல்ல ஊதும். அந்த அழுத்தத்தில் ஒட்சிசன் புண்ணைச் சூழ்ந்து நிற்கும். ஒருமுறை பாவித்தால் எறிந்துவிட வேண்டும். பால்மாப் பைக்கற்றையும் கழுவிக் கொடியில் காயப்போடுகிற வீடு எங்கள் வீடு. முதல் பையையும் நான் கழுவப் போய், மச்சாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சத்திரசிகிச்சை டொக்டர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலில் இரத்த ஓட்டம் மோசமில்லை என்றார். மருந்தையும் கட்டையும் இன்சுலினையும் ஒரு நாளும் விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வெட்டுவேன் என்றும் சொன்னார். அந்த நிபந்தனையோடு தவணை தந்து, இவரை வீட்டுக்கு அனுப்பினார்.

இனிச் சிலிண்டர் வேண்டும். மருதானையில் வாங்கி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் மச்சாளும் வந்தோம். காலி வீதி என்கிற பெரிய ரோட்டில், சோதனைச் சாவடியில் மறித்தார்கள். இரண்டு தமிழ்ப் பெண்களும் ஒரு சிலிண்டரும். பிறகு கேட்கவும் வேண்டுமா? இறக்கி உருட்டினார்கள். நாயை விட்டு மணக்க வைத்தார்கள். டொக்டரின் கடிதம் கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டிருந்தது. மச்சாளுக்குப் பொறுமை போய்விட்டது. தானே வால்வைத் திறந்து, குழாயை மூக்கடியில் பிடித்து, அத்தனை பொலிஸ்காரருக்கும் முன்னால் நின்று மூச்சு இழுத்துக் காட்டினாள். கடைசியில் ஒருவர் கையை அசைத்துப் போகச் சொன்னார். எங்கள் சனம் மூச்சு விடுவதற்கும் அத்தாட்சி காட்டித் திரிந்த காலம் அது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை வீட்டுக்கு ஜெபக்குழு வந்தபோது பை இவருடைய காலில் ஊதி நின்றது. எட்வின் எண்ணெய்ப் போத்தலோடு கட்டிலடிக்கு வந்தார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி மேரி அக்கா. எண்ணெயும் ஒட்சிசனும் சேர்ந்தால் நெருப்புப் பிடிக்கும் என்று மச்சாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதை நான் எட்வினுக்குச் சொன்னேன். அவர் போத்தலை மூடவில்லை.

"எண்ணெய் பூசி ஜெபிச்சாச்சு சகோதரி. பிறகும் இதைப் போட்டால் ஆண்டவரைச் சந்தேகப்படுறதுதானே? கழட்டுங்கோ" என்றார்.

நான் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். "பிரதர், நான் ஆண்டவரிட்ட இவற்ற காலைக் கேட்டனான். அவர் பையைத் தந்திருக்கிறார். தந்ததைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுறியளோ?"

என் கணவர்தான் தலையணையில் சாய்ந்தபடியே சமாதானம் பேசினார். "எண்ணெயைத் தலையில பூசுங்கோ பிரதர். காலில காத்து நிக்கட்டும். ஆண்டவர் ரெண்டையும் பாத்துக்கொள்ளுவார்."

எட்வின் போத்தலை மூடினார். ஜெபிக்காமலே போனார். குழுவும் பின்னால் போனது. அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமையும் வரவில்லை. பிளாஸ்டிக்கை நம்பிப் போனவர்கள் என்று கொட்டாஞ்சேனையில் எங்களுக்குப் பெயர் வந்தது. இதே எட்வின்தான் எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிப் பிரஷர் குளிசை விழுங்குகிறவர். குளிசைக்கு ஒரு விசுவாசம், பைக்கு ஒரு விசுவாசமா? இன்றைக்கும் கேட்கிறேன்.

பை போடும் நாட்களில் இவர் பேப்பர் வாசித்துக்கொண்டு கிடப்பார். நான் பக்கத்தில் இருந்து ஜெபிப்பேன். முதலில் நாற்றம் குறைந்தது. பிறகு கசிவு குறைந்தது. ஒரு நாள் காலையில் கட்டை அவிழ்த்தபோது புண்ணின் ஓரத்தில் செக்கச்செவேலென்று புதுச் சதை, மாதுளை முத்துப் போல. அன்றைக்கே ஆஸ்பத்திரி வார்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். டொக்டர் குனிந்து பார்த்தார். இனி வெட்டுவதைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை என்றார். நான் அந்த வார்டில் நின்றே அழுதேன்.

கிறிஸ்மஸுக்கு முதல் புண் மூடியது. குதிக்காலில் ஒரு பள்ளம் இருக்கிறது, கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். ஆனால் இரண்டு காலில் நடக்கிறார். பை மட்டும் ஆற்றியது என்று நான் சொல்லவில்லை. ஊசியும் ஆற்றியது, கட்டும் ஆற்றியது, அந்த டொக்டரின் பொறுமையும் ஆற்றியது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி வந்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

தை மாத ஸ்தோத்திர ஆராதனையில் சாட்சி சொல்லும்படி போதகர் கேட்டார். ஒப்புக்கொண்டேன். முதல்நாள் எட்வின் போன் எடுத்தார். "பையைப் பற்றிக் கதைக்க வேண்டாம் சகோதரி. அதை விட்டிட்டுச் சொல்லுங்கோ. மகிமை முழுக்க ஆண்டவருக்குப் போகட்டும்."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுத! ஆண்டவர் அனுப்பியதை அவருடைய சபையிலேயே ஒளித்து வைக்க வேண்டுமாம். பத்துக் கட்டளையில் பொய்ச்சாட்சிக்கென்று ஒரு கட்டளை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுத்த நாள், மிச்சமாக இருந்த ஒரு பையைக் கையில் கொண்டுபோனேன். சபை நடுவில் விரித்துப் பிடித்து, சுற்றிவளைப்பு, எண்ணெய், சிலிண்டர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் ஆமென் சொன்னார்கள். சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். எட்வின் எழும்பி வெளியே போனார்.

ஆராதனை முடிந்ததும் மேரி அக்கா என் கையைப் பிடித்து மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிப் போனார். கதவைச் சாத்தினார். சேலையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தினார். ஒரு பழைய துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தார். உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"கன காலம்" என்றார். "இவருக்கும் தெரியாது. சொன்னால் விசுவாசம் இல்லையெண்டு சொல்லுவார்."

அந்தக் காலோடுதான் அவர் வியாழக்கிழமைகளில் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். என் கணவரின் காலுக்காக ஜெபிக்க. கட்டிப்பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் நானே அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது ஆறி வருகிறது. இதை எல்லாம் எழுது, என் பெயரையும் போட்டு எழுது என்று சொன்னவர் அவர்தான்.

எனக்கு இரங்கிய ஆண்டவர் உங்களுக்கும் இரங்குவார். கேளுங்கள். சண்டை பிடித்தென்றாலும் கேளுங்கள். அவர் எதில் சுற்றி அனுப்பினாலும் இரண்டு கையாலும் வாங்குங்கள். இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் சேலைக்குக் கீழே, சாரத்துக்குக் கீழே துணி சுற்றிக்கொண்டு ஆமென் சொல்கிறீர்களோ தெரியாது. அவிழ்த்துக் காட்டுங்கள். மறைக்கச் சொன்னது அவர் இல்லை, நாங்கள்தான்.