பஞ்சவர்ணம் கழுவிய குழாய்கள்

பஞ்சவர்ணம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் கொழுந்தன் கன்னியப்பனுக்குப் பெண் தேடியபோது. கோவில்பதாகை அய்யாசாமியின் மூன்றாவது மகள். என் மாமியாருக்குத் தாய்வழியில் ஒன்றுவிட்ட உறவு. "அவ கழுவின குண்டான்ல மூஞ்சி பாத்துக்கலாம்" என்று பெயரோடு சேர்த்தே சொன்னார்கள்.

அவளே எனக்கு ஓரகத்தியாக வந்தாள். எங்கள் கழனியெல்லாம் வீட்டு மனையான பிறகு, எண்பத்தெட்டில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே வசந்தகுமாரி என்று ஒரு பெண். ஆவடி குவார்ட்டர்ஸ்; அப்பா பாக்டரியில் பிட்டர். கிருமியை வளர்த்து உடைத்து, அதற்குள் வளையமாக இருக்கும் பிளாஸ்மிட் என்பதை மட்டும் பிரித்தெடுப்பது அவள் வேலை. ஒரு மருந்து விட்டால் சளி மாதிரி இழுபடுமாம். இன்னொன்று விட்டால் பால் திரிந்த மாதிரி கட்டிக்கொள்ளுமாம். கட்டியைத் தள்ளி, தெளிந்த நீரில் ஸ்பிரிட் சேர்த்து மெஷினில் சுற்றினால், விரல் நுனி அளவுக் குழாயின் அடியில் வேண்டியது ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மேலே நிற்பதைக் கொட்டிவிட்டு, குழாயைக் காகிதத்தில் கவிழ்த்துக் காயவைப்பார்கள்.

அப்போதெல்லாம் அந்தக் குழாய்களையும் கழுவித் திரும்ப எடுத்துக்கொள்வது வழக்கம். வசந்தகுமாரி சாப்பிடப் போன ஒரு மத்தியானம், அவள் காயக் கவிழ்த்து வைத்திருந்தவை பஞ்சவர்ணத்தின் கண்ணுக்குக் காலிக் குழாய்கள்தான். மோந்து பார்த்தால் ஸ்பிரிட் வாடை. யாரோ அரைகுறையாக அலசியிருக்கிறார்கள் என்று, சோப்புப் போட்டுக் கழுவி, அதே இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மறுநாள் சோதித்ததில் ஒன்றுமே இல்லை.

"ஸ்பிரிட்டோட சேத்து சிங்க்ல ஊத்திட்டியா? கூவத்துல போய்த் தேடு" என்றான் கூட வேலை பார்த்த பாஸ்கரன்.

கூடத்துக்குப் பெரியவரான பார்த்தசாரதி சிரிக்கவில்லை. "உனக்குக் கை நிதானம் இல்லம்மா. இனிமே இத பாஸ்கரன் பாக்கட்டும்."

"கவுத்து வைக்கிறப்போ நல்லாதான் சார் இருந்துச்சு" என்றாள் வசந்தகுமாரி.

தரை துடைத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்துக்கு, போனது தன் சோப்பில்தான் என்று அப்போதுதான் விளங்கியது. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். ஒரு வாரம் கழித்துத் திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னாள். "வாயத் தொறந்தா வேல பூடும்னு சும்மா நின்னுகினு இருந்துட்டேன்கா. இன்னிக்கும் அந்தப் பொண்ணு எனக்கு டீ வாங்கியாந்து குடுக்குது. எப்டிக்கா முழுங்கறது?"

"நாளைக்கே சொல்லிடு. வேல போனா போவுது."

சொன்னாள், எல்லாரும் இருக்கும்போது.

"ஒரு வாரமா வாயில என்ன வெச்சிருந்தே?" என்ற பெரியவர், வசந்தகுமாரி பக்கம் திரும்பினார். "டீ வாங்கிக் குடுத்து ஆள் பிடிச்சியா? நல்லாருக்கு."

"அதுக்கு ஒண்ணுந் தெரியாது சார். நான்தான் கழுவிட்டேன்."

"சரி சரி, போய் வேலயப் பாரு."

பிறகு குழாயடிக்கு வந்து வசந்தகுமாரி ஒன்றுதான் கேட்டாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பாரேக்கா."

பஞ்சவர்ணம் குழாய்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாதம் அந்தப் பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாள். எங்கேயோ பால் சோதிக்கும் வேலைக்குப் போனதாகக் கேள்வி. பஞ்சவர்ணத்தை யாரும் போகச் சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது. அந்தப் பெண்ணின் அம்மா எதிர்ப்பட்டுவிடுவாளோ என்று ஆவடி மார்க்கெட்டுக்குப் போவதையே விட்டாள். தாய்வீட்டு விசேஷங்களுக்கும் ஆவடியைத் தொடாமல் பட்டாபிராம் வழியாகச் சுற்றித்தான் போவாள். ஏன் என்று கேட்ட கன்னியப்பனிடம் கூடச் சொல்லவில்லை.

இப்போது அயனம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள்; கவிழ்த்து வைத்த டம்ளரைக் கூடக் கேட்காமல் கழுவுவதில்லை.