அரை இஞ்ச் அக்காவின் முழு மாத்திரை

அந்தத் தெருவில் முடி வெட்டும் கடை இரண்டு இருந்தாலும் கூட்டம் என்னவோ அக்கா கடைக்குத்தான். 'அரை இஞ்ச் அக்கா' என்று கேட்டால் பஸ்சுக்கு நிற்பவர்கூட வழி சொல்வார். தோள்வரை வெட்டிவிடுங்கள் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் அக்கா முதலில் அரை இஞ்ச்தான் வெட்டுவாள். கண்ணாடியில் காட்டுவாள். "இன்னும் வேணுமா?" என்பாள். வேண்டும் என்றால் இன்னொரு அரை இஞ்ச். யார்மீதோ இருக்கும் கோபத்தில் "ஒட்ட வெட்டிடுங்கக்கா" என்று கொதித்துக்கொண்டு வந்த பெண்கள் எத்தனையோ பேர், மூன்றாவது அரை இஞ்ச்சில் ஆறிப்போய்ச் சிரித்துக்கொண்டே எழுந்து போயிருக்கிறார்கள்.

"நீங்களே பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் அந்த நாற்காலியில் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அக்கா சீப்பைக் கீழே வைத்துவிடுவாள். "தலை உன்னோடது. தினம் கண்ணாடியில பாக்கப்போறதும் நீதான். வாயைத் திறந்து சொல்லு."

கடையில் இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, கூடவே அக்காவின் நாத்தனார். தலை கழுவுவது, சாயம் பூசுவது, வாய் ஓயாமல் பேசுவது இவை மூன்றும் நாத்தனாரின் வேலை. கத்திரியை மட்டும் தொடமாட்டாள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை தன் அண்ணனுக்கு, அதாவது அக்காவின் புருஷனுக்கு, வெட்டிப் பார்த்தாள். பள்ளி வேன் ஓட்டும் அந்த மனுஷர் அதற்கப்புறம் ஒரு மாதம் தொப்பியோடுதான் வேன் ஓட்டினார். அன்றோடு கத்திரிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர் வைத்தியம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வர ஆரம்பித்த அன்று, அக்கா தன் கடை நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துகொண்டு நாத்தனார் கையில் மெஷினைக் கொடுத்தாள். "மொட்டையில கோணல் வராதுடி. தைரியமா ஓட்டு." நாத்தனார் அழுதுகொண்டே ஓட்டினாள். அக்கா அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

சிகிச்சை முடிந்து முடி திரும்ப வந்தபோது சுருள்சுருளாக வந்தது. ஐம்பத்துநாலு வருஷமாகக் கோடு கிழித்த மாதிரி நேராக இருந்த முடி அது. "இந்தச் சுருளுக்கு நான் மத்தவங்கள மூணு மணி நேரம் உக்கார வைக்கறேன். எனக்கு ஆஸ்பத்திரியிலயே போட்டு அனுப்பிட்டாங்க!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தாள். அந்தச் சுருள்மீது அவளுக்கு அப்படியொரு பிரியம். நுனி பிளந்தால்கூட வெட்ட விடவில்லை.

அதோடு விட்டதா? இல்லை. அவளுக்கு வந்த வகைப் புற்று உடம்பில் சுரக்கும் ஒரு ஹார்மோனைத் தின்று வளர்வதாம். அது சுரக்காமல் தடுக்க தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷத்துக்கு என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். "அஞ்சு வருஷமா? அதுக்குள்ள முடி இடுப்பத் தாண்டிடும் டாக்டர்" என்று அக்கா சிரித்தாள். மாத்திரை மஞ்சளாக, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக இருந்தது. இது என்ன பண்ணிவிடப் போகிறது என்று நினைத்தாள்.

மூன்றே மாதத்தில் அது தன் வேலையைக் காட்டியது. முதலில் சூடு. காதுக்குப் பின்னால் ஆரம்பித்து, கழுத்தெல்லாம் ஏறி, முகம் தக்காளியாகிவிடும். பாதி முடி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே டிரையரில் குளிர்காற்றைத் தட்டிவிட்டுத் தன் கழுத்துக்குப் பிடித்துக்கொள்வாள். "அக்கா, என் தலை இங்க இருக்கு" என்று நாற்காலியிலிருந்து குரல் வரும். வீட்டில் மின்விசிறி சுற்றும் வேகத்துக்கு வேன்கார மனுஷர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பாவம்.

சூட்டைக்கூடச் சிரித்துச் சமாளித்துவிடலாம். விரல்தான் அவளைக் கலக்கியது. காலையில் எழுந்தால் பத்து விரலும் மரக்கட்டை. கட்டைவிரல் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. ஒருநாள் காலை முதல் ஆளாகக் கணக்கு டீச்சர் வந்தார். நெற்றி முடியைச் சீராக வெட்டும்போது கத்திரி பாதியில் அப்படியே நின்றுவிட்டது. அக்கா உந்தித் தள்ள, முடி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிவிட்டது. டீச்சர் கண்ணாடியைப் பார்த்தார். "பரவால்ல, பசங்களுக்குச் சாய்கோணம் சொல்லிக் குடுக்க வசதியாப் போச்சு" என்று சிரித்துவிட்டுப் போனார். நல்ல மனசு. ஆனால் அக்காவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷத்தில் அவள் கையிலிருந்து கோணல் தலை ஒன்று வெளியே போனதே இல்லை. இந்த விரல் போனால் நான் யார் என்று நினைத்தாள். நோய் வந்தபோதுகூட வராத பயம் அன்று வந்தது.

பயந்தவள் டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. போனால் என்ன சொல்வார்? உயிர் முக்கியமா, விரல் முக்கியமா என்று கேட்பார். எனவே தனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தாள். முடியானாலும் மாத்திரையானாலும் அவளுக்கு அளவு ஒன்றுதான். புருவம் திருத்தும் சின்னக் கத்திரியை எடுத்து, வாராவாரம் மாத்திரைகளை இரண்டிரண்டாக நறுக்கிக் கொண்டையூசி டப்பாவில் போட்டு வைத்தாள். தினம் பாதி. முதலில் கொஞ்சம் குறைத்துப் பார்ப்போம், அப்புறம் கண்ணாடியில் காட்டுவோம் என்கிற அதே கணக்கு.

முதல் வாரம் விரல் லேசானது போலிருந்தது. இரண்டாம் வாரம் அப்படித் தோன்றவில்லை. ஆறு வாரம் ஓடியபின் பார்த்தால், விரலும் சரியாகவில்லை, மாத்திரையும் முழுசாக உள்ளே போகவில்லை. எங்கே வலி என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். காதும் காதும் வைத்தாற்போல் காரியம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு வாடிக்கையாளருக்குக் கொண்டை போட ஊசி தேடிய நாத்தனார் அந்த டப்பாவைத் திறந்தாள். ஊசிகளுக்கு நடுவே மஞ்சள் துண்டுகள். கொண்டையைப் போட்டு அனுப்பினாள். கடைக் கதவைச் சாத்தினாள். "அண்ணி, கொஞ்சம் உக்காருங்க" என்று அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, வெட்டும்போது போர்த்தும் துணியைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். போர்வைக்குள் கை மாட்டிக்கொண்டவள் எங்கே ஓடுவாள்?

"எத்தன நாளா?"

"என்னடி எத்தன நாளா?"

நாத்தனார் உள்ளங்கையை நீட்டினாள். இரண்டு மஞ்சள் துண்டு.

அக்கா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறு வாரம்."

"மாத்திரைக்கும் அரை இஞ்ச்சா அண்ணி?" என்று கேட்டவள் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. "மொட்டையடிச்சப்போ என்னைய அழாதன்னு சொன்னீங்களே. எதுக்குச் சொன்னீங்க? இப்படிப் பண்ணி மறுபடி அழவைக்கவா?"

மறுநாளே இருவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். திட்டு விழும் என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். விழவில்லை. டாக்டர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். "நல்லா நேரா வெட்டியிருக்கீங்க" என்றார். பிறகு ஒரு தாளில் வரிசைக்குப் பத்தாக நூறு வட்டம் போட்டார்.

"உங்கள மாதிரி நூறு பேர்னு வச்சுக்குவோம். மாத்திரை இல்லாட்டி, சுமாரா இருபத்தஞ்சு பேருக்குத் திரும்ப வரலாம். தினம் முழுசா சாப்பிட்டா அது பதினாலு, பதினஞ்சாக் குறையும். அரை மாத்திரைக்கு எங்கிட்ட கணக்கே இல்ல."

"இதுல நான் எந்த வட்டம் டாக்டர்?"

"அது எனக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சா இந்தத் தாளே தேவையில்ல."

அக்கா வட்டங்களை எண்ணிப் பார்த்தாள். முழு மாத்திரை காப்பாற்றுவது நூறில் பத்துத் தலை. இது அரை இஞ்ச் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. டாக்டர் மேலே சொல்லிக்கொண்டு போனார். மூன்று வாரம் மாத்திரையை அடியோடு நிறுத்திப் பார்க்கலாம், ஆனால் இனி எதுவும் டாக்டருக்குத் தெரிந்துதான். அப்புறம் அதே குடும்பத்தில் வேறொரு மாத்திரை. சிலருக்கு மாற்றினாலே வலி குறையும். தினமும் நடக்க வேண்டும். எலும்பையும் ஒரு தடவை பரிசோதித்துவிடலாம். அதுவும் சரிவராவிட்டால் வேறு வகை மருந்து உண்டு. அதில் விரல் பிழைக்கும், சூடு கூடலாம், காலில் ரத்தம் கட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். "எதுக்கும் ஏதாவது ஒண்ணு குடுத்துத்தான் ஆகணும். நீங்க என்ன சொல்றீங்க?"

அக்காவுக்குத் தலை சுற்றியது. "எனக்கென்ன தெரியும்? நீங்களே பாத்துச் செய்யுங்க டாக்டர்."

சொல்லி முடிக்கவில்லை, பக்கத்தில் நாத்தனார் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். "டாக்டர், சீப்பைக் கீழ வச்சுடுங்க! சீப்பைக் கீழ வச்சுடுங்க!" டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. முகம் சிவந்தது மாத்திரையால் இல்லை.

கதை தெரிந்ததும் டாக்டரும் சிரித்தார். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகட்டிக்கொண்டார். "சரி. உடம்பு உங்களோடது. எத விடவே முடியாது, சொல்லுங்க."

"கத்திரி."

"நாள் முழுக்கவா?"

அக்கா யோசித்தாள். காலையில் கட்டை. கடைக்கு வந்து இரண்டு தலை வெந்நீரில் கழுவிக் கொடுத்தால், விரல் தானாக இளகுவதை அவள் பார்த்திருக்கிறாள். பதினோரு மணிக்குக் கத்திரி கையில் சொன்ன பேச்சு கேட்கும். இத்தனை நாள் அவள் சண்டை போட்டதெல்லாம் காலை இரண்டு மணி நேரத்துக்காகத்தான். மாத்திரையைக் குறைத்தவளுக்கு அந்த இரண்டு மணி நேரத்தைக் குறைக்கத் தோன்றவே இல்லை.

"பதினோரு மணிக்கு மேல போதும்" என்றாள். "மாத்திரைய மாத்திக் குடுங்க. முழுசா சாப்பிடறேன். காலையில நான் தலை கழுவறேன்."

"அப்ப காலையில யாரு வெட்டுவா?" என்று கேட்ட நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. புது மாத்திரையில் விரல் முழுக்கச் சரியாகிவிடவில்லை; ஆனால் முன்னைப்போல மரக்கட்டையும் இல்லை. சூடு வருகிறது, போகிறது. காலையில் அக்கா தொட்டிப் பக்கம் வெந்நீரில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள். நாத்தனார் கத்திரியோடு நிற்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு எந்த மாத்திரையும் இல்லை. "இந்த மருந்தோட பக்கவிளைவு எனக்குக் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஊர்க்காரங்க தலையில தெரியுது" என்று அக்காவே சொல்கிறாள். கணக்கு டீச்சர் பதினோரு மணிக்கு முன்னால் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் முதல் நாளை நாத்தனார் மறக்கமாட்டாள். கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் தலையில அண்ணி பழகறது? அண்ணன் தொப்பிய எடுத்துக்கிட்டு வேன்ல ஓடிட்டாரு" என்றாள். அக்கா தானே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். போர்வையைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டாள். யாரையும் தொடவிடாத சுருளை விரலால் கோதி முன்னால் எடுத்துப் போட்டாள்.

"ஐயோ, இதையா? கோணலாயிட்டா?"

"ஆகட்டுமே" என்றாள் அக்கா. "வெட்டு. வளரும். இன்னும் நாலரை வருஷம் தினம் முழு மாத்திரை சாப்பிடப்போறேன். வளராம எங்க போகும்?"