மெட்ராஸுக்கு வராத ஜெனரல் கிராண்ட்

கிருபாராணியைக் கைடாக்க அந்த மியூசியத்துக்கு மூன்று கோடைக்காலம் பிடித்தது. முதல் கோடையில் காபி போடச் சொன்னார்கள், போட்டாள். இரண்டாவது கோடையில் நாற்காலி அடுக்கச் சொன்னார்கள், அடுக்கினாள். "உங்கள் உச்சரிப்பு வருகிறவர்களுக்குப் புரியுமா என்றுதான் யோசிக்கிறோம்" என்று கமிட்டித் தலைவி மிஸஸ் ஹாப்கின்ஸ் தேன் தடவித் தடவிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். புரியாமல் என்ன, பாளையங்கோட்டை கான்வென்ட்டில் பிரம்படி வாங்கிப் படித்த இங்கிலீஷ் அது.

1985 ஜூலையில் அமெரிக்காவின் பழைய ஜனாதிபதி ஜெனரல் கிராண்ட் இறந்து நூறு வருஷம் ஆனது. நியூ ஜெர்சிக் கடற்கரையில் அவர் கோடைதோறும் வந்து தங்கிய லாங் பிராஞ்சுக்குப் பக்கத்து ஊரில்தான் இந்த மியூசியம். அவருடைய உலகப் பயணத்தைப் பற்றி ஒரு கண்காட்சி வைப்பதென்று முடிவாகி, கிருபாராணிதான் கைடு என்று திடீரென்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் வீட்டில் கேசரி கிண்டினாள்.

அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது என்பதுதான் உண்மை. பதவி முடிந்ததும் கிராண்ட் இரண்டரை வருஷம் ஊர் ஊராகச் சுற்றியதும், பெர்லினில் ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க்கைப் பார்க்க வண்டி வேண்டாமென்று சுருட்டோடு தனியாக நடந்தே போனதும் அவளுக்கு அத்துப்படி. இந்தியாவில் எங்கெங்கே போனாரென்று கேட்டால் பம்பாய், ஆக்ரா, ஜெய்ப்பூர், டெல்லி, லக்னோ, காசி, கல்கத்தா என்று மூச்சு விடாமல் சொல்வாள். கல்கத்தாவிலிருந்து கப்பலேறி பர்மாவுக்குப் போய்விட்டார் மனுஷன். தெற்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சின்ன வயதில் சர்ச்சில் நடக்கும் வேத வினாப் போட்டியில் பதில் மட்டும் சொன்னால் அரை மார்க்தான். எந்த அதிகாரம், எந்த வசனம் என்று சேர்த்துச் சொன்னால்தான் முழு மார்க். பிழைப்புக்கு வந்த இடத்திலும் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூம் வேலை. தேதி இல்லாத காகிதத்தை அவள் கையால் வாங்க மாட்டாள். அப்படிப்பட்டவளிடம்தான் அந்தப் போட்டோ வந்து சேர்ந்தது.

அவளைக் கைடாக்கும் முன்பே அதை மிஸஸ் ஹாப்கின்ஸிடம் கொடுத்து வைத்திருந்தவர் இதய டாக்டர் பசுபதி. அந்த வட்டாரத்தில் வந்து இறங்கிய தமிழர்களில் அவர் வீட்டுச் சாம்பாரைச் சாப்பிடாதவர்கள் குறைவு. அவருடைய கொள்ளுத்தாத்தா பிச்சுமணி ஒரு வெள்ளைக்காரருக்கு மெட்ராஸில் மாலை போடுகிற படம். மாலையோ யானைக்குப் போடுகிற அளவு. வெள்ளைக்காரர் முகம் பாதி அதற்குள் புதைந்திருந்தது. 'கிராண்ட் துரைக்கு மாலை போட்ட குடும்பம்' என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். மிஸஸ் ஹாப்கின்ஸ் பூரித்துப்போய், 'மெட்ராஸில் ஜனாதிபதி கிராண்ட், 1879' என்று பலகை அடித்து நடுச்சுவரில் மாட்டச் சொல்லிவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள்தான் மாட்டுவதற்காகப் படம் கைக்கு வந்தது. கிருபாராணி அதைத் திருப்பிப் பார்த்தாள். பின் அட்டையில் மையால் 1883 என்று எழுதியிருந்தது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த வருஷம் மெட்ராஸில் கவர்னராக இருந்தவர் கிராண்ட் டஃப் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். மாலை அவருக்கு விழுந்தது. புகழ் மட்டும் கப்பலேறி அமெரிக்கா வந்துவிட்டது.

டாக்டருக்கு போன் போட்டுச் சொன்னாள்.

"கிருபா, நம்ம ஆளு படம் ஒரு அமெரிக்கன் மியூசியம் செவுத்துல ஏறுது. அதைப் போய் நீயே இறக்குவியா?"

"டாக்டர், பின்னாடி எய்ட்டி த்ரீன்னு போட்டிருக்கு. அவரு செவென்ட்டி நைன்லயே ஊருக்குத் திரும்பிட்டாரு."

"யாரும்மா திருப்பிப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

அவர் போனை வைத்துவிட்டார். கிருபாராணி மிஸஸ் ஹாப்கின்ஸிடம் போய்ச் சொன்னாள். தலைவியின் முகம் வாடியது. "உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமென்று நினைத்தோம். புடவையில் இந்தப் படத்துக்கு முன்னால் நீங்கள் நிற்க வேண்டும் என்றுதானே உங்களைத் தேர்ந்தெடுத்தோம். இப்படித்தான் பேசுவேன் என்றால், வேறு ஆள் பார்க்கிறேன்."

இத்தனை நாள் படித்ததற்குக் கிடைத்த வேலை என்று நினைத்திருந்தாள். கட்டியிருந்த சேலைக்குக் கிடைத்ததாம். கிருபாராணிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"ஊரோட ஒத்துப் போயேன், ராணி. டாக்டரைப் பகைச்சுக்கிட்டா இங்க யாரு நம்மளச் சேத்துப்பா?" என்றார் கணவர் ஞானசீலன். "புடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்காத."

"நான் காலை எண்ணிட்டுத்தாங்க சொல்றேன்" என்றாள்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. டாக்டர் குடும்பம் பட்டுப்புடவையும் சரிகையுமாக முன்வரிசையில். கிருபாராணி வேண்டுமென்றே சாம்பல் நிற ஆபீஸ் பேன்ட், கோட்டில் வந்திருந்தாள். மிஸஸ் ஹாப்கின்ஸின் புன்னகை அதைக் கண்டதுமே பாதியாகிவிட்டது. நடுச்சுவருக்கு வந்ததும் ஒரு பெரியவர், "ஜனாதிபதி உங்கள் ஊருக்குக்கூட வந்தாரா?" என்று ஆசையோடு கேட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வசதியான இடம்தான். தலையை ஆட்டியிருந்தால் போதும், வேலையும் தங்கும், சாம்பாரும் தங்கும்.

"இல்லை. பலகையில் இருப்பது தவறு" என்றாள் கிருபாராணி. "இவர் மெட்ராஸ் கவர்னர். மாலை போடுகிறவர் டாக்டரின் கொள்ளுத்தாத்தா, பெயர் பிச்சுமணி. வருஷம் 1883, படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஜனாதிபதி எங்கள் பக்கம் வரவே இல்லை. நான்தான் அவர் ஊருக்கு வந்திருக்கிறேன்."

மிஸஸ் ஹாப்கின்ஸ் விடுவிடுவென்று வந்தாள். "போதும். இனி நீங்கள் கைடு இல்லை."

"சரி. அப்போது நானும் பார்க்க வந்தவள்தான். பார்க்க வந்தவர்கள் பேசக் கூடாதென்று இங்கே எங்கும் எழுதவில்லையே" என்று சொல்லிவிட்டு, கிருபாராணி அடுத்த படத்துக்கு நடந்தாள். "இது ஜப்பான். இங்கே சக்கரவர்த்தியைச் சந்தித்தார்."

அவள் குரல் தனியாகக் கேட்டது. யாரும் அசையவில்லை. ஞானசீலன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் நகர்ந்தது டாக்டரின் மனைவி காமாக்ஷி. பட்டுப்புடவை சரசரக்கக் கூட்டத்தைக் கடந்து ஜப்பான் படத்தண்டை போய் நின்றாள்.

"காமு, நீ எங்க போற?" என்றார் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு.

காமாக்ஷி திரும்பினாள். "பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு எனக்கும் தெரியும். இருபது வருஷமா அந்தப் படத்தைத் தொடைக்கறது நான்தானே? இதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கல."