ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் லிஃப்டில் ஏறுவதில்லை என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். பத்து மாடிக் கட்டடமானாலும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறித்தான் மேலே மோட்டார் அறைக்குப் போவார். "தான் சமைச்சத தானே சாப்பிடாத சமையல்காரன் கதையால்ல இருக்கு" என்று காவலாளிகள் கிண்டலடிப்பார்கள். ஓட்டத்துக்குப் பயிற்சி என்பது அவர் பதில். கூட மாரத்தான் ஓடுகிறவர்கள் அவருக்கு மாடிப்படி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது மனைவி மட்டும்தான். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை.

அவளுக்கு இதயம் பலவீனம். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். உடம்பில் சேரும் நீரை வெளியேற்றத் தினமும் காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. கிழமைக்கு ஒன்றாக ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அதைப் போட்டு வைப்பதும், காலையில் டக்கென்று மூடியைத் திறந்து எடுத்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. ஞாயிறு மட்டும் ஏற்பாடு வேறு. அன்றைக்கு விடியுமுன்பே நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். அந்நேரத்தில் மாத்திரை போட்டால் நாலு முறை எழுந்து போகவேண்டும், அவள் தூக்கம் போச்சு. "ஓடிட்டு வந்து குடுங்க. நான் எங்க ஓடிடப் போறேன்?" என்பாள்.

அந்த ஞாயிறு அவர் கால்கள் என்றைக்கும் இல்லாத அளவுக்கு லேசாக இருந்தன. வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல் பூங்காவை இன்னொரு சுற்று சுற்றினார். வாழ்நாளில் அவ்வளவு சுகமாக அவர் ஓடியதே இல்லை. இன்றுவரை அவரை அரிப்பது அந்தச் சுகம்தான். வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. மகள் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் நுழைந்தவரின் கண் போனது மேசைமேல் இருந்த டப்பாவுக்குத்தான். ஞாயிறு மூடிக்குள் மாத்திரை அப்படியே இருந்தது.

இதயம் ரொம்ப நாளாகவே தளர்ந்துவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். மாத்திரையைப் பற்றி இவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு டப்பாவைப் பார்த்தார். ஞாயிறு அறை காலி.

மாத்திரைக்குக் கால் முளைக்குமா? யாரையும் கேட்க வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தபோது, பின்னாலிருந்து டக்கென்று மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் டப்பா மூடித்தான் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் கேட்டது. மூன்றாவது முறை, அவளுக்கென்று வாங்கி மிச்சமிருந்த அட்டைகளிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு விழுங்கினார். சத்தம் நின்றது. அதிலிருந்து ஞாயிறு தவறாமல் ஒன்று. கொடுக்காமல் விட்டதைத் தானே தின்று தீர்க்கிற மாதிரி. பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும். ஓட்டத்தின் நடுவே மரம் மரமாக ஒதுங்குவார். "வழியில ஒரு மரத்தையும் விட்டு வைக்கிறதில்லயே மாடிப்படி" என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பெரிய பந்தயமும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் மூன்றாவதாக வந்தார். கழுத்தில் பதக்கம் ஏறுவதற்குள் ஊக்கமருந்துச் சோதனைக்காரர் வந்து நின்றார். மற்றவர்கள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தும் சிறுநீர் வராமல் காத்திருக்க, இவர் போன வேகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். ஊக்கமருந்து என்பது ஊசி போட்டுக்கொள்கிற திருடர்கள் சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தார். நீர் பிரியும் மாத்திரையும் தடைப் பட்டியலில் உண்டு, மற்ற மருந்தைக் கழுவி மறைக்க அதை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது சோதனை முடிவு வந்த பிறகுதான் தெரிந்தது.

மகளுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. எந்த ஓட்டையையும் காரணம் சொல்லி அடைக்கத் தெரிந்தவள்.

"உங்களுக்கு பி.பி. இருந்தா டாக்டர் சீட்ட காட்டி இப்பக்கூட அனுமதி வாங்கலாமாம்ப்பா."

"எனக்குத்தான் ஒரு வியாதியும் இல்லையே."

"அப்போ மெடிக்கல் ஷாப்ல மாத்திக் குடுத்துட்டாங்கன்னு சொல்லுவோம்."

மெடிக்கல் ஷாப்காரர் பழைய சிநேகிதர். "சளி மாத்திரைக்குப் பதிலா கைதவறி இதக் குடுத்துட்டேன்னு சொல்றேண்ணே. திட்டுவாங்க, வாங்கிக்கறேன்" என்று தயாராகவே இருந்தார். இவர் மண்டையை ஆட்டி வைத்தார். உண்மையைச் சொன்னால் அந்த ஞாயிற்றைச் சொல்லவேண்டும். அம்மாவுக்கு அன்று மாத்திரை கொடுக்கவில்லை என்பது மகளுக்குத் தெரிந்துபோகும். ஓட்டம் போனால் மயிரே போச்சு. இருக்கிற ஒரே பிள்ளையின் முகத்தில் அதற்கப்புறம் எப்படி விழிப்பது?

விசாரணை நாலாவது மாடியில். படியேறிப் போனார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த கண்ணாடி போட்ட அம்மாள், "எப்படி உள்ள போச்சு?" என்றார். மகள் வாயெடுத்தாள். அப்போது அவருக்குப் பின்னால் டக்கென்று கேட்டது. ஓரத்தில் யாரோ பேனாவை மூடினார்கள், அவ்வளவுதான். அவர் மகளை முந்திக்கொண்டார்.

"யாரும் மாத்திக் குடுக்கலைங்க. அது என் வீட்டுக்காரி மாத்திரை" என்று ஆரம்பித்தார். பூங்காவின் கூடுதல் சுற்று, மூடிய டப்பா, காலியான அறை, ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றையும் சொன்னார். மகள் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா காரணம் எதுவா இருந்தாலும், நடந்ததுக்கு நீங்கதான் பொறுப்பு. விதி அப்படி."

"அதத்தாங்க நானும் சொல்றேன்" என்றார் அவர். ஒன்றரை வருடமாக எல்லோரும் உங்கள் தப்பில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக ஒருவர் பொறுப்பு என்று சொன்னதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

தடை உறுதி, எத்தனை காலம் என்று பிறகு தெரிவிப்போம் என்றார்கள். வெளியே வந்த மகள் படிக்கட்டுப் பக்கம் போகாமல் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். அவர் மறுபேச்சில்லாமல் ஏறினார். கதவு மூடியதும் கைப்பையைத் திறந்து, சின்ன ஜிப்புக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ஒரு வெள்ளை மாத்திரை. ஓரம் உதிர்ந்து, பழுப்பேறிப் போயிருந்தது.

"நான்தாம்ப்பா எடுத்தேன். நீங்க பாத்துடக் கூடாதுன்னு."

"அப்போ உனக்கு..."

"அன்னிக்கே தெரியும்."

"என்மேல கோவம் வரலியாம்மா?"

"வந்துச்சு. ரொம்ப நாள் வந்துச்சு." காகிதத்தைப் பழையபடி மடித்தாள். "அன்னிக்கு நானும் வீட்டுலதானேப்பா இருந்தேன்?"

லிஃப்ட் தரைக்கு வந்து கதவு திறந்தது. வெளியே காத்திருந்த ஒருவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இறங்கலையா?" என்றார்.

"இறங்கணுங்க" என்றார் மாடிப்படி. மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அங்கேயே நின்றார்கள்.